துயரில் பிறக்கும் ஒற்றுமை நிலைக்குமா?

மயான வைராக்கியம் என்று நம் பெரியோர் ஒன்றைச் சொல்வர். பிணத்தோடு சுடலைக்குச் சென்றவன், சிதையிலே தீ மூண்டெழுவதைக் காணுங்கால், "இவ்வளவுதானா வாழ்க்கை! இனி எவரோடும் பகையில்லை" என்று உள்ளங் கரைகின்றான். தலை முழுகி வந்து வீட்டுப் படலையைத் திறக்கும்போதே அயலானோடுள்ள வேலி வழக்கு நினைவுக்கு வந்துவிடுகின்றது. தனி மனிதனுக்கு உரிய இவ்வைராக்கியம் நாட்டுக்கும் உண்டோ?

பல இனத்தவரும் பல சமயத்தவரும் வாழும் நாட்டிலே பெருந்துன்பம் நேரும்போது, மக்கள் யாவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகி விடுகின்றனர் என்று மேடைகளிலே பேசுகின்றோம், பத்திரிகைகளிலே எழுதுகின்றோம். அக்கூற்று மெய்தானா? மெய்யாயின் எத்துணைக் காலத்துக்கு மெய்? இவ்வினாவை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றோம்.

பாரதம் காட்டும் இரு தழுவல்கள்

மகாபாரதத்திலே பதினெட்டு நாட் போருக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் கூறுவது ஸ்திரீ பருவம். மக்கள் நூற்றுவரையும் இழந்த திருதராட்டிரன், பாண்டவரைத் தழுவிக்கொள்ள விரும்புகின்றான். வீமனின் முறை வருகின்றது. அரசன் உள்ளத்தை அறிந்த கண்ணபிரான், வீமனுக்குப் பதிலாக இரும்புப் பாவை ஒன்றை முன்னே நிறுத்துகின்றான். கிழவனின் கைகளிலே அப்பாவை நொறுங்கிப் போகின்றது. அவன் வடித்த கண்ணீரும் மெய். அக்கைகளிலே ஒளிந்திருந்த சினமும் மெய். துயரத்தினால் வரும் தழுவல் எல்லாம் அன்பின் தழுவல் அன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

அதே பருவத்தின் ஈற்றிலே வேறொரு காட்சி உளது. இறந்தோர்க்குக் கங்கையிலே நீர்க்கடன் செய்யும் வேளையிலே, கர்ணன் தன் மகன் என்று குந்தி வெளிப்படுத்துகின்றாள். பகைவன் என்று எண்ணிக் கொன்றவன் தமையன் என்பதைத் தருமன் அன்றே அறிகின்றான். நெஞ்சுருகி அவனுக்கும் நீர்க்கடன் செய்கின்றான். மாற்றார் பக்கத்து மரணத்தைத் தன் வீட்டு மரணமாக ஏற்றுக்கொண்ட அந்நிலையே உண்மையான ஒற்றுமையின் தொடக்கம். இவ்விரு காட்சிகளையும் மனத்திலே கொண்டு நம் நாட்டு நிகழ்ச்சிகளை நோக்குவோம்.

வெள்ளமும் சூறாவளியும்

1957 டிசெம்பரிலே இலங்கை கண்ட பெருவெள்ளம் மூத்தோர் நினைவிலே நெடுங்காலம் நின்றது. வறண்ட வலயத்துக் குளங்கள் பல கரையுடைத்தன. நாச்சதுவக் குளமும் அவற்றுள் ஒன்று. பல்லாயிரக் கணக்கானோர் வீடிழந்தனர். நாடெங்கும் உடுப்பும் உணவும் திரட்டப்பட்டன. ஆனால், அதே காலத்திலேதான் 1957 ஜூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் எதிர்ப்பினால் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1958 ஏப்பிரலிலே அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்திலே இனக்கலவரம் மூண்டது. கொழும்பிலே அகதிகளான தமிழர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தனர். வெள்ளம் வடிந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. கிழக்குக் கரையின் தென்னந் தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. வீடுகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் கூரையிழந்தன. அப்போதும் பிற பகுதிகளிலிருந்து உதவி வந்தது. 1981 ஜூனிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலையிலே நாடே எரிந்தது. இயற்கை தரும் துயரம் மக்களைச் சேர்த்து வைத்தாலும், அச்சேர்க்கையை அரசியல் தாங்கிப் பிடிக்காவிடின் அது நில்லாது என்பதற்கு இவை முதற் சான்றுகள்.

கடல் வந்த நாள்

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தார்ப் பண்டிகையின் மறுநாள். பௌத்தர்க்கு உந்துவப் பௌர்ணமி விரத நாள். சுமாத்திராத் தீவின் அருகே கடலடியிலே நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, இரண்டு மணி நேரத்துக்குள் நம் கிழக்குக் கரையை அடைந்தது. முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் என்று தொடங்கி, அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி வரையும் கடல் ஊருக்குள் புகுந்தது. ஏறக்குறைய 35,000 பேர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. அங்கு மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். தெற்கிலே பெரலியவில், கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் சென்ற புகையிரதம் அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலகப் புகையிரத வரலாற்றிலேயே இத்துணை உயிர்களைக் கொண்ட விபத்து வேறில்லை.

கடல், தமிழர் என்றும் முஸ்லிம்கள் என்றும் சிங்களவர் என்றும் பார்க்கவில்லை. அன்று மனிதரும் பார்க்கவில்லை. மேட்டு நிலத்துக் கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் தேவாலயங்களும் வந்தோர் எவர் என்று கேளாமல் கதவு திறந்தன. பொலன்னறுவையிலிருந்தும் கண்டியிலிருந்தும் சோற்றுப் பொதிகளை ஏற்றிய லொறிகள், அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் கிழக்கு நோக்கி வந்தன. 2002 பெப்ரவரியிலே செய்யப்பட்ட யுத்த நிறுத்த உடன்படிக்கை நலிந்து, மீண்டும் போர் வரும் என்று யாவரும் அஞ்சியிருந்த காலம் அது. அத்தகைய காலத்திலும், எதிரெதிரே துப்பாக்கியோடு நின்றவர்கள் சில இடங்களிலே ஒன்றாக நின்று பிணங்களைத் தூக்கினர். இதைப் பொய் என்றோ வேடம் என்றோ எவரும் ஒதுக்கலாகாது. அந்த இரக்கம் மெய்யானது; எவருடைய கட்டளையுமின்றித் தானே சுரந்தது. மனிதன் அடிப்படையிலே நல்லவன் என்று நம்புவோர்க்கு அந்நாட்களே போதிய சான்று.

ஈதல் வேறு, பகிர்தல் வேறு

இடர் எங்கே தொடங்கியது? இறந்தோரை அடக்கஞ் செய்தபின், இருந்தோரைக் குடியமர்த்தும் வேலை வந்தபோதே தொடங்கியது.

2005 ஜனவரியிலே ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் கோபி அனான் இலங்கைக்கு வந்தார். அவர் அம்பாந்தோட்டையைப் பார்த்தார், திருகோணமலையைப் பார்த்தார், முல்லைத்தீவைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கடல் பார்க்காத வேறுபாட்டை அரசியல் இரண்டே வாரங்களிலே பார்க்கத் தொடங்கிவிட்டது.

கரையோரத்திலே வீடு கட்டலாகாத வலயம் வகுக்கப்பட்டது. மேற்கிலும் தெற்கிலும் அது 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிய நிலத்திலே நெருங்கி வாழும் மருதமுனை, கல்முனை மக்களுக்கு 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதி. பின்னர் இவ்விதி தளர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும், "எமக்கு மட்டும் ஏன் வேறு முழக்கோல்?" என்ற கேள்வி அதற்குள் நெஞ்சிலே வேரூன்றிவிட்டது.

முழுதாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமுற்றதற்கு 100,000 ரூபா என்று உதவி வழங்கப்பட்டது. இது நல்லதே. ஆனால், போரினால் வீடிழந்து ஆண்டுக்கணக்கிலே முகாம்களில் இருந்தோர் அருகிலேயே இருந்தனர். அலை இடித்த வீடு ஒரு விலையும் குண்டு இடித்த வீடு வேறொரு விலையும் பெற்றதை அவர்கள் கண்டனர்.

இக்குறைகளை எல்லாம் ஒரே மேசையில் இருந்து தீர்க்கவே பொதுக் கட்டமைப்பு என்ற ஏற்பாடு வந்தது. 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் அதிற் கைச்சாத்திட்டனர். வடக்கு கிழக்கின் ஆறு மாவட்டங்களிலே, கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் அடங்கிய நிலத்தின் புனரமைப்பு அதன் எல்லை. உயர்மட்டக் குழுவில் அரசுக்கும் புலிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் இடம். பிரதேசக் குழுவிற் புலிகளுக்கு 5, முஸ்லிம்களுக்கு 3, அரசுக்கு 2 இடங்கள். ஆயினும், பெருந்தொகையாக உயிரிழந்த முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள் எவரும் கைச்சாத்திடும் தரப்பாக அழைக்கப்படவில்லை. இரு பெரியவர் செய்துகொண்ட பங்கீட்டிலே மூன்றாமவர் எழுதப்பட்டார், கேட்கப்படவில்லை. அவர்தம் மனக்கசப்பு நியாயமானதே.

தெற்கிலோ, கைச்சாத்துக்கு முன்பே மக்கள் விடுதலை முன்னணி தன் 39 பாராளுமன்ற உறுப்பினரோடு அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் பிரதேச நிதியம் உட்பட்ட முக்கிய பிரிவுகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு ஒரு நாளாவது இயங்கவில்லை. 2006இல் போர் மீண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 4இல், ஆழிப்பேரலை நிவாரணப் பணி செய்துவந்த பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் மூதூரிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் இந்நாட்டுப் பிள்ளைகள். அதற்காக எவரும் தண்டிக்கப்பட்டிலர்.

இன்னொரு சான்று நுரைச்சோலை. அக்கரைப்பற்றை அடுத்த இவ்விடத்திலே, வீடிழந்த மக்களுக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்தவர்க்கு எத்தனை வீடு என்ற வழக்கு நீதிமன்றம் சென்றது. வீடற்றோர் வெளியே நிற்க, வீடுகள் ஆண்டுக்கணக்கிலே காடு மண்டிக் கிடந்தன.

இவற்றிலிருந்து நாம் காணும் உண்மை ஒன்றுளது. ஈதல் வேறு, பகிர்தல் வேறு. ஈகையிலே கொடுப்பவன் கை மேலே, கொள்பவன் கை கீழே. கொடுத்தவனுக்கு அதனால் எவ்வித நட்டமும் இல்லை, புண்ணியமே உண்டு. பகிர்விலோ இருவரும் சமமாக இருந்து, நிலத்தையும் நிதியையும் அதிகாரத்தையும் பங்கிட வேண்டும். சோற்றுப் பொதியைக் கண்ணீரோடு நீட்டிய கை, மேசையிலே ஒரு நாற்காலியை நகர்த்தித் தர மறுத்தது. நம் நாட்டின் ஒற்றுமை ஈகையின் எல்லையிலே நின்றுவிட்டது.

அச்சே நாட்டின் எடுத்துக்காட்டு

அதே அலை, அதே காலையிலே இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தைத் தாக்கியது. அங்கே ஏறக்குறைய 170,000 பேர் அழிந்தனர். அங்கும் 1976 முதல் விடுதலை கோரிப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆயினும், 2005 ஜனவரியிலேயே பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அத்திசாரியின் முன்னிலையிலே பேச்சு தொடங்கியது. ஓகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியிலே உடன்படிக்கை ஒப்பமாயிற்று. போராளிகள் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு ஆயுதங்களை ஒப்படைத்தனர். அரசாங்கம் வெளியிடப் படைகளை மீட்டது. மாநிலக் கட்சிகள் அமைக்கவும் தன்னாட்சி பெறவும் வழி விட்டது. அலை வந்தபோது சிறையிலிருந்து தப்பிய போராளித் தலைவர் இர்வாண்டி யூசுப், 2006 டிசெம்பர்த் தேர்தலிலே மாநில ஆளுநராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

அங்கே துயரம் பெரிதாயிருந்தமையால் சமாதானம் வந்தது என்று கூறுவாருளர். அது முழு உண்மையன்று. அலைக்கு முன்னரே இரகசியப் பேச்சு முயற்சிகள் தொடங்கியிருந்தன. போராளிகள் போரிலே நலிந்திருந்தனர். புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி யுதயோனோவும் துணை ஜனாதிபதி யூசுப் கல்லாவும் உடன்பாட்டை விரும்பினர். விதை நிலத்திலே இருந்தது. கண்ணீர் அதற்கு நீராயிற்று. நம் நாட்டிலோ இரு தரப்பும் போரால் இன்னும் பெறலாம் என்று கணக்கிட்டிருந்தன. விதையில்லா நிலத்திலே எத்துணை மழை பெய்தும் என்ன பயன்?

கை செய்த துயரம்

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழரும் சிங்களவரும் அருகருகே முழந்தாளிட்டு வணங்கிய இடங்களிலே இருவர் இரத்தமும் கலந்தது. பழிக்குப் பழி வேண்டாமென்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை இடைவிடாது வேண்டினார். கொலைஞரின் உடல்களைத் தம் மையவாடிகளில் ஏற்கமாட்டோமென்று முஸ்லிம் உலமாக்கள் அறிவித்தனர். ஆயினும், மூன்றே வாரங்களில், மே 12 தொடக்கம் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை முதலிய இடங்களிலே, குற்றமறியா முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

அந்நாட்களிலே நாடு ஒன்றுபட்டது என்று சிலர் கூறினர். எதிரி ஒருவனைக் காட்டி ஏனையோரைச் சேர்ப்பது ஒற்றுமை ஆகுமா? அது திருதராட்டிரனின் தழுவல். தாக்குதல் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியிலே தீர்ப்பளித்தது. பொறுப்பு யாருடையது என்று நீதிமன்றம் கூறுமுன்னரே தெருவிலே தண்டனை நிறைவேறிவிட்டது.

கொரோனா நோய் வந்தபோது மற்றொரு சோதனை நேர்ந்தது. நோயால் இறந்தோர் உடல்களை அடக்கஞ் செய்வதற்கு உலக சுகாதார நிறுவனம் தடை கூறவில்லை. அங்ஙனமிருந்தும் 2020 ஏப்பிரல் தொடக்கம் எல்லா உடல்களும் எரிக்கப்பட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையொன்றின் உடலும் எரியூட்டப்பட்டது. 2021 பெப்ரவரியிலேதான் விதி மாற்றப்பட்டு, ஓட்டமாவடியிலே அடக்கம் தொடங்கியது. அந்நிலத்திலே முஸ்லிம்களோடு பிற சமயத்தவர் சிலரும் உறங்குகின்றனர். 2024 ஜூலையிலே அரசாங்கம் இதற்காக மன்னிப்புக் கோரியது.

இது இந்துக்களாகிய நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி. உடலைத் தீக்கு அளித்தல் நமக்குப் புனிதமான கடன். அக்கடனையே மற்றொருவர்மீது வன்மையாகத் திணிக்கும்போது அது கடனன்று, கொடுமை. ஒருவன் தன் பிள்ளைக்குத் தன் முறைப்படி இறுதிக் கடன் செய்ய இயலாத நாட்டிலே, யாவரும் ஒருவர் என்று பாடுவதிற் பொருளில்லை.

இரண்டு நிமிட மௌனம்

டிசெம்பர் 26 இன்று தேசிய பாதுகாப்பு தினம். அன்று காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் மௌனம் காக்கப்படுகின்றது. அவ்விரண்டு நிமிடங்களிலே நாம் மெய்யாகவே ஒரு நாட்டினர். ஆனால், 2009 மே மாதத்திலே போர் முடிந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். முள்ளிவாய்க்காலிலே தாய்மார் விளக்கேற்றி அழும் அதே வாரத்திலேயே தெற்கிலே போர்வெற்றி நினைவு கூரப்படுகின்றது. கடல் செய்த துயரத்துக்கு ஒன்றாக அழுகின்றோம். கை செய்த துயரத்துக்குத் தனித்தனியே அழுகின்றோம். கடலிடம் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. கைகளிடம் கேட்க வேண்டும். அதனாலேயே அத்துயரம் நம்மைப் பிரிக்கின்றது.

இங்கே நம் பக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். 1985 மே 14இல் அனுராதபுரத்திலே கொல்லப்பட்ட வழிபாட்டினருக்காகவும், 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் மாண்ட நூற்றுக்கு மேற்பட்டோருக்காகவும், அவ்வாண்டு ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களுக்காகவும் நாம் எத்தனை விளக்கு ஏற்றினோம்? நம்முள்ளேயுள்ள பிரிவுகளையும் மறைத்தல் ஆகாது. 2004இலே தமிழகத்து நாகபட்டினக் கரையில், சில நிவாரண முகாம்களிலே ஒடுக்கப்பட்ட மக்கள் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டனர் என்று பதிவாகியுள்ளது. ஒரே கடவுளை வணங்குவோரே ஒரே குடத்துத் தண்ணீரைப் பகிரத் தயங்கினால், பல சமயத்தவர் ஒன்றுபடுதல் எங்ஙனம்?

இளைஞர் செய்யத்தக்கவை

ஆகவே, நம் வினாவுக்கு விடை இது. பெருந்துயரம் ஒரு நாட்டை ஒன்றாக்குவதில்லை. ஒன்றாகலாம் என்று ஒரு கணம் காட்டிவிட்டுப் போகின்றது. அக்காட்சியைக் கண்டவர்கள் அதன்பின் என்ன செய்கின்றார்கள் என்பதே வரலாறு.

நம் சங்கத்து இளைஞருக்குச் சில கூறி முடிக்கின்றோம். முதலாவது, வெள்ளமும் புயலும் மீண்டும் வரும். அன்று கூடுவோம் என்று இராமல், இன்றே கோயிற் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நம்பிக்கையாளரும் தேவாலயத்தாரும் விகாரைச் சபையும் ஒரே மேசையில் அமரும் குழுவொன்றை ஊர்தோறும் அமையுங்கள். உதவி பெறுவோர் பட்டியலை நால்வரும் கூடி எழுதுங்கள். எழுதியதை யாவரும் காண ஒட்டுங்கள். முழக்கோல் ஒன்றாயிருந்தால் பாதிச் சந்தேகம் அன்றே ஒழியும். இரண்டாவது, அயலவரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் அழுகையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. முறைப்பாட்டை மொழியறிந்தே கேட்க வேண்டும். மூன்றாவது, நம் இறந்தோரை நினைக்கும் நாளிலே, நம் பெயரால் இறந்தோரையும் நினையுங்கள். தருமன் கர்ணனுக்குச் செய்த நீர்க்கடன் அது. அதனால் நம் துயரம் குறையாது. நம் துயரத்தைப் பிறர் மதிக்கும் தகுதி நமக்கு மிகும்.

முதியோர்க்கும் ஒரு விண்ணப்பம். 1958ஐயும் 1983ஐயும் இளைஞர்க்குச் சொல்லும்போது, எரித்தவர் கதையோடு, தம் வீட்டிலே நம்மை ஒளித்து வைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் அயலவர் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டும் நடந்தவை. ஒன்றை மட்டும் சொல்வது பாதி வரலாறு.

சுடலையிலே பிறந்த வைராக்கியம் படலைவரையிலும் வருமாயின், வேலி வழக்கைப் பேசித் தீர்க்கலாம். அதை அங்குவரை கொண்டுவருவதே நம் தலைமுறையின் கடமை.